குழாய் தெரிகிறது, தண்ணீர் தெரியவில்லை

குடிநீர்க் குழாய்களை எல்லாம் ஜிஐஎஸ் வரைபடத்தில் ஏற்றிவிட்டால் விநியோகம் தானாகச் சீராகிவிடும் என்ற பேச்சு ரொம்ப நாளாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்தக் கருவிகள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. க்யூஜிஐஎஸ் இலவசம், செயற்கைக்கோள் படம் கையில் இருக்கு, அப்புறம் என்ன குறை என்றுதான் தோன்றும். குறை இருக்கிறது.

சின்னக் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தேடல் பெட்டியில் 'திருவண்ணாமலை' என்று தட்டினால் வரைபடம் பெரும்பாலும் அருணாசலத்துக்குத்தான் போய் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிற எங்கள் திருவண்ணாமலை அதற்குத் தெரியாது. பெயரை வைத்துத் தரவை இணைத்தால் இதுதான் கதி. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு எல்ஜிடி எண் வைத்திருக்கிறது. அதை வைத்து இணைத்தால் தீர்ந்தது.

பெரிய குறை வேறே. வரைபடம் 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். 1854-ல் லண்டனில் ஜான் ஸ்னோ காலரா சாவுகளைத் தெருவாரியாக வரைபடத்தில் குறித்தார், அந்தக் குறிகள் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. அவர் கேட்டது 'எங்கே'. நம்ம தெருவில் ஜனம் கேட்பது 'எப்போ வரும், எவ்வளவு நேரம் வரும், கடைசி வீட்டுக்கு ஏறுமா' என்பது.

நம்ம ஊர்க் குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் நிற்பதில்லை. மேல்நிலைத் தொட்டி நிரம்பினதும் ஒரு வால்வைத் திறப்பார்கள், அந்தத் தெரு முடிந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். காலிக் குழாய் முதலில் காற்றைத் தள்ள வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். மேட்டு வீட்டுக்கு அது போய்ச் சேர்வதற்குள் பள்ளத்து வீட்டில் குடம் நிரம்பிவிடும். யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் கதையே வேறு: உள்ளே அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகச் சாக்கடைத் தண்ணீர்கூட நுழையலாம்.

பலரும் பயன்படுத்தும் இபாநெட், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1993-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். அருமையான கருவிதான். ஆனால் குழாய்கள் எப்போதும் நிரம்பியே இருக்கும் என்று வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. அழுத்தம் குறைந்தால் வரத்தும் குறையும் என்ற கணக்கே 2020-ல் வந்த 2.2 பதிப்பில்தான் சேர்ந்தது. காலிக் குழாய் நிரம்புவதை அது இன்னும் கணக்கில் எடுப்பதில்லை. நம் ஊர் வரைபடத்தை அப்படியே அதில் ஏற்றினால் அழகான, பொய்யான விடை வரும்.

உண்மையான விடை வால்வு திறக்கிறவர் தலைக்குள் இருக்கிறது. எந்தத் திருகு எத்தனை சுற்று, எந்தத் தெருவுக்கு அரைமணி அதிகம் என்பது அவருக்கு அத்துப்படி. மும்பையின் சாவிவாலாக்களைப் பற்றி நிகில் ஆனந்த் 2017-ல் வெளியிட்ட 'ஹைட்ராலிக் சிட்டி' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நம்ம ஊரில் அவர் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் சேர்ந்தே போய்விடும்.

ஜல் ஜீவன் திட்டம் (2019) தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. அதன் இணையப் பலகையில் கண்ணில் முதலில் படுவது எத்தனை வீட்டுக்குக் குழாய் இணைப்பு என்ற எண்ணிக்கை. இணைப்பை எண்ணுவது சுலபம், லிட்டரை எண்ணுவது கஷ்டம். அதனால் சுலபமானது பச்சை நிறத்தில் மின்னுகிறது.

என்னைக் கேட்டால் வரைபடத்தில் குழாய்க் கோட்டுக்கு முன்னால் வால்வுப் புள்ளிகளைப் போடுங்கள் என்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், திறந்த நேரம், மூடிய நேரம். வால்வுக்காரர் ஒரு சாதாரண போனில் இரண்டு தட்டு தட்டினால் போதும். கூடவே ஒவ்வொரு தெருவிலும் கடைசி வீட்டில் தண்ணீர் எட்டிய நேரம். இதைச் சில மாதம் சேர்த்தாலே எந்தத் தெரு ஏமாற்றப்படுகிறது என்பது விரிதாளிலேயே தெரிந்துவிடும், ஜிஐஎஸ் அப்புறம் வரட்டும். எங்கள் திருவண்ணாமலையில் என்றால் புரட்டாசி சனிக்கிழமைகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். அன்றைக்கு மலையடிவாரத்தில் கூடுகிற கூட்டம் எந்த மக்கள்தொகைக் கணக்கிலும் வராது.