கையும் கம்பியும்: கெவின் ஷீல்ட்ஸின் கிட்டார் முறை

1980களின் பிற்பகுதியில் பிரிட்டனின் சிறு இசைத்தட்டு நிறுவனங்களைச் சார்ந்து வளர்ந்ததும் ‘இண்டி’ என்ற பெயரால் வழங்குவதுமான ராக் இசையில், மின்கிட்டார் வாசிப்பின் நோக்கமே இடம் மாறியது. அதற்கு முந்தைய ராக் இசையில் ஒரு கிட்டார் கலைஞரின் தகுதி பெரும்பாலும் பாடலின் நடுவே அவர் நிகழ்த்தும் தனிவாசிப்பின் வேகத்தாலும் சுத்தத்தாலும் அளக்கப்பட்டது; புதிய குழுக்களோ அந்தத் தனிவாசிப்பை ஏறக்குறையக் கைவிட்டு, கம்பியிலிருந்து எழும் ஒலியின் நிறத்தையும் கனத்தையும் அசைவையும் இசையமைப்பின் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டன. இந்தப் போக்கை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர், 1983இல் டப்ளின் நகரில் தொடங்கிய மை ப்ளடி வாலன்டைன் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகரும் தயாரிப்பாளருமான கெவின் ஷீல்ட்ஸ். கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1991 நவம்பரில் வெளியிட்ட ‘லவ்லெஸ்’ இசைத்தொகுப்பின் ஒலி, காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெடல் என்னும் சிறு கருவிகளை எண்ணற்று வரிசையாக அடுக்கியும் நூற்றுக்கணக்கான கிட்டார் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியும் பெறப்பட்டது என்று இன்றும் பலர் நம்புகின்றனர். ஷீல்ட்ஸ் தம் பேட்டிகளில் இதைத் தொடர்ந்து மறுத்து வந்திருக்கிறார். தொகுப்பைக் கவனமாகக் கேட்பவருக்கும் அவர் மறுப்பே சரியென்று படும். அந்த ஒலியின் வேர், வலக்கையின் ஒரு பழக்கத்திலும், எல்லோரிடமும் இருந்த சாதாரணக் கருவிகளை அவர் இணைத்த விதத்திலும் இருக்கிறது.

அந்தப் பழக்கம் ஒரு குறிப்பிட்ட கிட்டாரைச் சார்ந்து உருவானது. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1958இல் ஜாஸ்மாஸ்டர் என்னும் மாதிரியை, பெயர் சொல்வதுபோலவே ஜாஸ் கலைஞர்களை மனத்தில் கொண்டு அறிமுகப்படுத்தியது. அவர்கள் அதைப் பெரிதாக ஏற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக்குழுக்கள் அதை விரும்பி வாசித்தன. அந்த அலை ஓய்ந்தபின் விற்பனை சரிந்து, 1980இல் உற்பத்தி நின்றது. புகழ்பெற்ற மாதிரிகளை வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அடகுக்கடைகளிலும் பழைய பொருள் கடைகளிலும் மலிவாகக் கிடைத்த நல்ல கிட்டார்களுள் அதுவும் ஒன்றாக இருந்ததால், இண்டி இசையில் அதன் மறுவாழ்வு தொடங்கியது. அதன் அமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு: கம்பிகளைத் தாங்கும் பாலம் என்ற பகுதி இறுக்கமாகப் பொருத்தப்படாமல் முன்னும் பின்னும் அசையக்கூடியது, கம்பிகளின் கடைசி முனைகள் கட்டப்பட்ட இடமோ அதற்கு வெகுதூரம் பின்னால் உள்ளது. இதனால் பாலத்தின்மேல் கம்பிகளின் அழுத்தம் குறைந்து, ஓங்கி மீட்டினால் அவை தம் இடத்தைவிட்டு நழுவுகின்றன என்பது பலரது குறை. ஆனால் அதே அமைப்புதான், எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் ஒருசேரத் தளர்த்தவோ கூட்டவோ உதவும் ட்ரெமலோ கை என்ற உலோகத் தண்டை, மிக மென்மையாகவும் நுட்பமாகவும் அசையவிடுகிறது.

பெரும்பாலான கலைஞர்கள் ஒரு சுரத்தை மீட்டி முடித்த பிறகே அந்தத் தண்டைத் தொட்டு, சுரத்தின் வாலைச் சற்று நடுங்கவிடுவார்கள். அங்கே அது ஓர் அலங்காரம். 1988இல் ஒரு ஜாஸ்மாஸ்டர் இரவலாகக் கைக்கு வந்தபோது, ஷீல்ட்ஸ் தண்டை வழக்கத்தைவிட உயரமாக நிற்கும்படி பொருத்தி, அதை உள்ளங்கைக்குள் பிடித்தபடியே கம்பிகளை மேலும் கீழுமாக மீட்டத் தொடங்கினார். தாளத்துக்கு மீட்டும் ஒவ்வொரு வீச்சும் தண்டையும் சற்று அசைப்பதால், கார்டு என்னும் பல சுரங்களின் தொகுதி முழுவதும் நிலைகொள்ளாமல் தாழ்ந்தும் எழுந்தும் மிதக்கிறது. ‘கிளைட் கிட்டார்’ என்று பெயர்பெற்ற இம்முறையில் சுருதியின் அசைவும் தாளத்தின் அசைவும் ஒரே கைவீச்சிலிருந்து பிறக்கின்றன. எனவே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க முடிவதில்லை. கமகத்துக்குப் பழகிய காது இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டை உணரும்: வீணையில் விரல் ஒரு கம்பியை இழுத்து ஒரு சுரத்தை அதன் அண்டைச் சுரங்களோடு உறவாட வைக்கிறது, ஷீல்ட்ஸின் வாசிப்பில் ஆறு கம்பிகளும் ஒன்றாக இளகுகின்றன. ஆனாலும் அவை ஒரே அளவில் இளகுவதில்லை. தடிமனும் இழுவிசையும் வேறுபடுவதால், தண்டின் ஒரே அசைவுக்கு ஒவ்வொரு கம்பியும் வெவ்வேறு அளவில் சுருதி மாறுகிறது. வழக்கமான சுருதியமைப்பை மாற்றி, இரண்டு மூன்று கம்பிகளை ஒரே சுரத்துக்கோ மிக நெருங்கிய சுரங்களுக்கோ கூட்டிக்கொண்டால், அந்தச் சிறு வேறுபாடுகள் ஒன்றோடொன்று உரசி, பல கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பது போன்ற அடர்த்தி ஒரே கிட்டாரில் கிடைத்துவிடுகிறது. பல அடுக்குப் பதிவு என்ற தவறான எண்ணத்துக்குப் பெருமளவு காரணம் இதுவே.

இதற்கு அடுத்த இடத்தில்தான் மின்கருவிகள் வருகின்றன. ஒரு பெரிய கூடத்தில் ஒலி சுவர்களில் மோதித் தேய்ந்து மறைவதைச் செயற்கையாக உண்டாக்குவது ரிவெர்ப். 1980களின் நடுவில் யமஹா வெளியிட்ட எஸ்பிஎக்ஸ்90 போன்ற டிஜிட்டல் கருவிகளில் இதன் தலைகீழ் வடிவமும் இருந்தது. அதில் ஒலி தேய்வதற்குப் பதிலாக, மெல்லத் தொடங்கி வளர்ந்து சட்டென்று அறுபடுகிறது. ஷீல்ட்ஸ், கிட்டாரின் நேரடி ஒலியை முற்றிலும் விலக்கிவிட்டு, இந்தத் தலைகீழ் ரிவெர்பை மட்டும் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பினார். கம்பியில் பிளெக்ட்ரம் படும் கூர்மையான தொடக்க ஓசை அதனால் மறைந்து, வாசிப்பவரின் கை எங்கே பட்டது என்று சொல்ல முடியாத ஓர் ஒலி எஞ்சியது. அழுத்தி மீட்டினால் ஒருவிதமாகவும் மெல்ல மீட்டினால் வேறுவிதமாகவும் அந்த ஒலி வீங்குவதால், கருவி தானே இசைப்பதுபோல் தோன்றினாலும் கையின் எடை ஒவ்வொரு கணமும் அதை ஆளுகிறது. வரிசையும் இங்கே முக்கியம். முதலில் ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், கடைசியில் ரிவெர்ப் என்பது பொதுவான ஒழுங்கு. அதைப் புரட்டி ரிவெர்பை முன்னே வைத்தால், அதன் மங்கலான ஒலியும் டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்து உரத்த ஒலியோடு சம பலம் பெறுகிறது.

‘லவ்லெஸ்’ தொகுப்பின் முதல் பாடலான ‘ஒன்லி ஷாலோ’வின் தொடக்கத்தில் ஒலிக்கும், ஓலமிடுவது போன்ற கிட்டார், இந்தச் சிக்கனத்துக்கு நல்ல சான்று. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை எதிரெதிரே முகம் பார்க்க நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒலியளவைச் சீராக ஏற்றி இறக்கும் அமைப்பை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு, நடுவே ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்யப்பட்டது அது. பின்னர் ஷீல்ட்ஸ் அந்தப் பதிவைத் திருப்பிப்போட்டு, முன்னோக்கிய ஒலியோடு பின்னோக்கிய ஒலியையும் சேர்த்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை. ஓர் அறையில் இரண்டு பெட்டிகளை எப்படி வைப்பது என்ற கேள்வியை இசையமைப்பின் கேள்வியாகக் கருதிய மனமே இதைச் சாத்தியமாக்கியது. தொகுப்பின் பதிவு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பத்தொன்பது ஸ்டூடியோக்களில் நீண்டு, நிறுவனத்தை நிதி நெருக்கடிக்குள் தள்ளியதாகப் பேசப்பட்டது. செலவு குறித்த தொகைகளை ஷீல்ட்ஸ் ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சை இசையைவிட அதிகமாக எழுதப்பட்டுவிட்டது என்பது வருந்தத்தக்கது.

ஷீல்ட்ஸ் தனித்து முளைத்தவர் அல்லர். ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸ் குழுவில் ராபின் கத்ரி, ஒலியை இரட்டித்து அலையவிடும் கோரஸ் கருவியாலும் எதிரொலிகளாலும் கிட்டாரை மூடுபனிபோல் படரவிட்டார். தி ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார், 1980களின் நடுவில் ‘ஹவ் சூன் இஸ் நவ்?’ பாடலுக்காக ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையர்களில் ஒலியளவை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ வசதியைத் தாளத்தோடு பொருத்தித் துடிக்கவிட்டார். நியூயார்க்கின் சோனிக் யூத் இன்னும் துணிந்தது: தர்ஸ்டன் மூரும் லீ ரனால்டோவும் கம்பிகளுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர்களையும் முரசுக்குச்சிகளையும் செருகி, ஒவ்வொரு பாட்டுக்கும் தனிச் சுருதி அமைத்து, அந்தச் சுருதிக்கென்றே ஒரு கிட்டாரை ஒதுக்கிவைத்தார்கள். 1999இல் கலிஃபோர்னியாவில் அவர்களது இசைக்கருவிகள் வண்டியோடு திருடுபோனபோது, கிட்டார்களோடு அவற்றில் மட்டுமே வாசிக்கக்கூடிய பாடல்களும் தற்காலிகமாகக் கைவிட்டுப்போயின. இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது, கருவியைச் செய்தவர் எண்ணிப்பாராத ஒரு பயனை அதில் கண்டெடுக்கும் குணம்.

இந்தக் குணம் பெடல்களின் வரலாற்றிலும் பழையதே. ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ்-டோன் என்ற மேஸ்ட்ரோ நிறுவனத்தின் பெடல் 1962இல் சந்தைக்கு வந்தபோது, கிட்டாரைக் குழல்கருவி போல ஒலிக்கவைக்கும் உபகரணமாகவே விளம்பரப்படுத்தப்பட்டது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ அதற்கு வேறு வாழ்வு தந்தது. இன்று நிலைமை தலைகீழ். ‘லவ்லெஸ்’ ஒலியை ஒரே பெட்டியில் தருவதாகச் சொல்லும் பெடல்களைப் பல சிறு நிறுவனங்கள் விற்கின்றன. எ ப்ளேஸ் டு பரி ஸ்ட்ரேஞ்சர்ஸ் குழுவின் ஆலிவர் அக்கர்மன் தொடங்கிய டெத் பை ஆடியோ போல, வாசிப்பவரே கருவி செய்பவராகவும் இருந்து, மின்சுற்றின் பிழைகளையே இசையாக்கும் உண்மையான முயற்சிகளும் அவற்றினூடே உண்டு. ஆனால் வாங்கும் இளைஞர்களில் பலர், தலைகீழ் ரிவெர்பைப் பெற்றுக்கொண்டு தண்டைப் பிடிக்கும் கையை விட்டுவிடுகிறார்கள். கிடைப்பது அடர்த்தியான மங்கல், அதில் அசைவு இருப்பதில்லை. மேடையில் ஷீல்ட்ஸே பெரும் பெடல் வரிசையோடு நிற்பது இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. ஸ்டூடியோவில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக நாள்கணக்கில் அமைத்த ஒலியை, மேடையில் நொடிக்குள் மாற்றவேண்டியிருப்பதே அந்த வரிசையின் காரணம்.

2013 பிப்ரவரியில், ‘லவ்லெஸ்’ வெளியாகி 21 ஆண்டுகளுக்குப் பின், குழு தன் அடுத்த தொகுப்பான ‘எம் பி வி’யைத் தானே வெளியிட்டது. முழுதும் அனலாக் நாடாவில் பதிவான அதன் முதல் பாடல்களில் பழைய மிதக்கும் கார்டுகள் அப்படியே தொடர்கின்றன. இறுதிப் பாடலான ‘வொண்டர் 2’இலோ, ‘லவ்லெஸ்’ காலத்தில் அவர் பெரும்பாலும் ஒதுக்கிவைத்திருந்த ஃப்ளேஞ்சர் வகை விளைவு, ஜெட் விமானம் தலைக்குமேல் கடப்பதுபோன்ற இரைச்சலாக, விரைந்தோடும் முரசுகளின்மேல் முழுப்பாட்டையும் இழுத்துச் செல்கிறது. அதே கலைஞர், விலக்கிய கருவியைக் காரணம் வந்தபோது எடுத்து, அதையும் யாரும் வாசித்திராத அளவுக்குத் திருகி வாசித்திருக்கிறார்.