ஷவே சியோன் சுடுமண் பாவைகள்: மூழ்கிய சரக்கா, கடலுக்கு இட்ட படையலா?

முன்னுரை

தீர், சீதோன் முதலிய துறைமுக நகரங்களில் வாழ்ந்த பினீசியர் தம் சமயத்தைப் பற்றி எழுதிவைத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. ஆதலால் அவர்தம் வழிபாட்டை அறியச் சுடுமண் பாவைகள் முதன்மைச் சான்றாகின்றன. 1972இல் இசுரேலின் வடபகுதியில், ஷவே சியோன் கரையை ஒட்டிய கடலடியில் நூற்றுக்கணக்கான பாவைகளும் மட்கலங்களும் கண்டறியப்பட்டன. இவை கடலடியை அடைந்தமைக்குக் கூறப்படும் இரு விளக்கங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஒரே சரக்கு என்னும் கருத்து

எலிஷா லிண்டர் இவற்றை மூழ்கிய கப்பலொன்றின் சரக்காகக் கருதினார். மூழ்கிய கப்பல் ஒரு குறிப்பிட்ட நாளின் பொருள்களை மட்டுமே தாங்கியிருக்கும். எனவே, ஒரு பாவையின் காலம் அனைத்திற்கும் உரியதாகிவிடுகிறது. நிறுவப்பட வேண்டிய ஒருமையை முன்னரே ஏற்றுக்கொள்வதே இக்கருத்தின் குறை.

நானூறு ஆண்டுப் படையல் என்னும் கருத்து

மெய்ர் எட்ரே, ஆதி எர்லிக், அசாஃப் யசூர்-லாந்தவ் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, பாவைகளையும் கலங்களையும் தனித்தனியே வகைப்படுத்தியது. அவை கி.மு. 7 முதல் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வரை பரவியுள்ளன என்றும், கடற்பயணம், வளமை ஆகியவற்றை வேண்டிக் கடலில் இடப்பட்ட நேர்த்திப் பொருள்கள் என்றும் அது முடிவுசெய்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அச்சில் வார்க்கப்படும் பாவையின் வடிவம், அச்சு பயன்பாட்டில் உள்ளவரை நீடிக்கும். வடிவத்தைக் கொண்டு காலத்தை நுட்பமாக வரையறுத்தல் அரிது. எனினும், அச்சின் நீடிப்பு சில தலைமுறைகளை விளக்குமேயன்றி நான்கு நூற்றாண்டுகளை விளக்காது. கலங்களின் காலமும் தனியே கணிக்கப்பட்டிருப்பது இம்முடிவுக்கு வலுச்சேர்க்கிறது.

பொருள்கோளின் எல்லை

காலம் பற்றிய முடிவுக்குள்ள உறுதி, வேண்டுதல் பற்றிய முடிவு முழுமைக்கும் இல்லை. சில பாவைகளில் காணப்படும் ஓங்கில் மீன் குறி கடலோடு நேரடித் தொடர்புடையது. தானித் தெய்வக் குறியோ, வழிபடப்பட்ட தெய்வத்தைச் சுட்டுமேயன்றி வேண்டப்பட்டதைச் சுட்டாது. வளமை வேண்டுதல் என்பது பெண்ணுருவின் தோற்றத்திலிருந்தும் கையமைதியிலிருந்தும் உய்த்துணரப்படுவது. அதே பெண்ணுரு தெய்வத்தையோ வேண்டுபவரையோ குறிக்கவும் கூடும்.

முடிவுரை

ஒரே இடத்தில் கிடைத்தவை ஒரே நாளில் அங்குச் சேர்ந்தவை ஆகா என்பதை 2021ஆம் ஆண்டு ஆய்வு நிறுவுகிறது. கடற்பயண வேண்டுதலுக்குப் பாவைகளிலேயே சான்று உண்டு. வளமை வேண்டுதலைக் கருதுகோளாகவே கொள்ளுதல் தகும்.