கதை மறுக்கப்பட்ட பிள்ளை

எட்மண்ட் காஸ் 1907ஆம் ஆண்டில் தம் பெயரை மறைத்து வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ என்னும் தன்வரலாறு, கடுமையான கிறித்தவச் சபையொன்றிலிருந்து ஒருவர் விடுபட்ட கதையாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்த அவருடைய தாய் எமிலி, புனைகதை யாவும் பாவம் என்று நம்பினார். பிள்ளைக்கு ஒரு தேவதைக் கதைகூடச் சொல்லப்படவில்லை. கதையைப் பொய்யென்று கற்ற மனத்துக்கு ஆதியாகமம் ஒன்று எழுத்துக்கெழுத்து நடந்த நிகழ்ச்சி, இல்லையேல் அதுவும் பொய். மூன்றாவது வழி அங்கில்லை.

தந்தை பிலிப் ஹென்றி காஸ் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த தேர்ந்த இயற்கையியலாளர். பாறைகள் காட்டிய தொன்மையை அவரால் மறுக்க இயலவில்லை. ஆறு நாட்களையும் கைவிட இயலவில்லை. தொப்புள் எனப் பொருள்படும் ‘ஓம்ஃபலோஸ்’ நூலில் (1857) அவர் கண்ட தீர்வு விசித்திரமானது. தாய் வயிற்றில் பிறவாத ஆதாமுக்கும் தொப்புள் இருந்ததுபோல, பூமியும் படைக்கப்பட்ட கணத்திலேயே புதைபடிவங்களோடு முதிர்ந்து தோன்றியதாம். தர்க்கத்தால் இதை வீழ்த்துவது எளிதன்று. ஆயினும் இறைவன் பாறையில் பொய் எழுதினான் என்றாகிவிடுமே எனப் பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லி கலங்கியது நியாயமே. பொய்க்கு அஞ்சிக் கதையை விலக்கிய குடும்பம் வந்து நின்ற இடம் இது!

சிறுவன் எட்மண்ட் ஒருநாள் நாற்காலியை மேசைமேல் ஏற்றி வணங்கி, விக்கிரக வழிபாட்டுக்குத் தண்டனை இறங்குகிறதா என்று காத்திருந்தான். ஒன்றும் நிகழவில்லை. இறைவனை அவன் ஐயுறவில்லை. இறைவனைப் பற்றிய தந்தையின் அறிவையே ஐயுற்றான். எனினும் கட்டளையை இயந்திரம்போல் சோதித்த அந்த முறை தந்தையுடையதே. வளர்ந்தபின், வெளிப்படுத்தின விசேஷத்தின் படிமங்களைப் பெற்றோர் நாளிதழ்ச் செய்திபோல வாசித்ததை அவர் கூர்மையாகச் சுட்டினார்; அப்படிமங்கள் வேறெதை உணர்த்தக்கூடும் என்று தேடினாரில்லை. நூலின் பெருங்குறை இதுவென்பது நம் கணிப்பு. தந்தையின் சித்திரம் மிகைக் கடுமையானது என ஆன் த்வைட் 2002இல் காட்டியது இதனினும் சிறிய குறையே.

ஆக்ரிங்டனில் பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்து, பதினாறு வயதில் வெளியேறிய ஜீனெட் விண்டர்சனின் வழி வேறு. ‘ஆரஞ்சுகள் மட்டுமே கனிகள் அல்ல’ (1985) நாவலின் எட்டு இயல்களும் ஆதியாகமம் முதல் ரூத் வரையிலான பெயர்களைத் தாங்குகின்றன. சட்டநூலாகிய உபாகமத்தின் பெயரிலேயே, கதையையும் வரலாற்றையும் பிரிக்கும் கோட்டை அவர் கேள்விக்குள்ளாக்குகிறார். இறுதி இயலான ரூத்தில், துரத்தப்பட்ட மகள் தாயைக் காண வீடு திரும்புகிறாள். விவிலியத்தின் ரூத்தோ மாமியாரை விட்டுப் பிரிய மறுத்தவள்.