அப்கிரேட் முடிந்தது, பிளானருக்குக் கண் போனது

வெர்ஷன் மாற்றினதும் டேட்டாபேஸ் தவழுதுன்னு யாராவது சொன்னால், குவெரியைத் திருத்தக் கிளம்பாதீங்க. போஸ்ட்கிரெஸ் என்றால் என் முதல் கேள்வி: ‘அனலைஸ் ஓட்டியாச்சா?’

பிஜி_அப்கிரேட், பழைய டேட்டா ஃபைல்களை அப்படியே புது வெர்ஷனுக்குக் கொண்டுவரும் கருவி. லிங்க் முறையில் ஓட்டினால் பெரிய டேட்டாபேஸ்கூட சில நிமிடங்களில் தயார். அந்த வேகத்துக்காகத்தான் அதைத் தேடிப் போகிறோம். ஆனால் 17-வது வெர்ஷன் வரைக்கும் அது புள்ளிவிவரங்களை விட்டுவிட்டு வந்தது. எந்த ஃபீல்டில் எத்தனை வகை மதிப்பு, எது அடிக்கடி வருது, தேதிகள் எப்படிப் பரவியிருக்கு என்று பிளானர் பார்க்கும் குறிப்புகள் அவை.

குறிப்பு இல்லாத பிளானர் என்ன செய்யும்? சோர்ஸ் கோடில் எழுதிவைத்த ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். ‘நேற்றுக்குப் பிறகு வந்த ஆர்டர்கள்’ என்று கேட்டால், மூன்றில் ஒரு பங்கு வரும் என்பது அதன் ஊகம். 3 கோடி வரி உள்ள டேபிளில் 1 கோடி! நிஜத்தில் இருபதாயிரம்கூட இருக்காது. 1 கோடி வரிக்கு இண்டெக்ஸ் எதற்கு என்று முழு டேபிளையும் படிக்க உட்கார்ந்துவிடும். அதுக்குக் கிடைத்த கணக்குக்கு அந்த பிளான் சரிதான், பாவம்.

‘ஆட்டோவேக்யூம் பார்த்துக்கும்’ என்பது பாதி உண்மை. மாற்றம் நடக்கும் டேபிளைத்தான் அது அனலைஸ் செய்யும். படிக்க மட்டுமே பயன்படும் மாஸ்டர் டேபிளும், போன வருடக் கணக்கும் அதன் கண்ணில் படாது.

டாக்குமெண்டில் இருக்கே என்பார்கள். இருக்கு. ‘அப்கிரேட் முடிந்தது’ என்று அறிவித்த பிறகு, வேக்யூம்டிபி ஓட்டுவதைப் பற்றி யோசிக்கலாமே என்கிற தொனியில் கருவியே ஒரு வரி காட்டும். ராத்திரி 2 மணிக்கு ‘முடிந்தது’ பார்த்தவன் அதற்குக் கீழே படிப்பானா? கட்டாய வேலையை யோசனையாகச் சொன்னது வடிவமைப்பின் தப்பு. படிக்காதவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

2025-இல் வந்த 18, புள்ளிவிவரங்களைக் கூடவே கொண்டுவருகிறது. ரொம்ப லேட், ஆனாலும் நல்லது. அதிலும் ஒரு ஓட்டை: ‘கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ போட்டு நாமே உருவாக்கிய விரிவான புள்ளிவிவரங்கள் வராது. பின்கோடும் ஊரும் ஒன்றை ஒன்று சார்ந்தவை என்று பிளானருக்குக் கையால் சொல்லிக்கொடுத்திருப்போம். பிளான் ஏற்கெனவே தடுமாறிய இடத்தில்தானே அதைச் செய்திருப்போம்? அதனால் 18-க்குப் போகிறவர்களும் வேக்யூம்டிபியை, விடுபட்ட புள்ளிவிவரங்களை மட்டும் எடுக்கும் புது ஆப்ஷனோடு, டிராஃபிக்கைத் திறந்துவிடும் முன்பே ஓட்டிவிடுங்க.