240 செக்டார்: காப்பும் இழப்பும்

தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. திருச்சி புத்தூர் பிஷப் ஹீபர் கல்லூரி வளாகத்திலோ வயலூர் சாலை விடுதி அறையிலோ ஒரு மாணவர் லினக்ஸில் பென் டிரைவைச் செருகினால், யூஎஸ்பி டிரைவர் மென்பொருள் அதற்கு வழக்கமாக ஒரு வரம்பு விதிக்கும்: ஒரு கட்டளைக்கு 240 செக்டார். செக்டாருக்கு 512 பைட் என்றால், 120 கிலோபைட். இந்த வரம்பு தேவைதானா?

தேவைக்குக் காரணம், சாதனங்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருப்பதுதான். மலிவான கன்ட்ரோலர்கள் சில, 64 கிலோபைட்டைத் தாண்டினாலே திணறி நின்றுவிடும். ஜெனிசிஸ் லாஜிக்கின் பழைய சில்லுகள் சிலவற்றுக்கு 64 செக்டார், அதாவது 32 கிலோபைட், என்று தனி வரம்பே வைக்க வேண்டியிருந்தது. நகல் எடுக்க நேரமானால் காத்திருக்கலாம். எழுதிய ஆய்வேடு சிதைந்தால் யாரும் மீட்டுத் தர முடியாது. தாமதத்தை ஏற்று இழப்பைத் தவிர்த்தது சரியான முடிவு.

குறைகளும் உண்டு. பழைய யூஎஸ்பி சேமிப்பு முறையில் ஒரு கட்டளை முடிந்து அதன் நிலை தெரிந்த பிறகே அடுத்தது போகும். ஒரு மெகாபைட்டுக்கு 9 கட்டளைகள் என்றால், நல்ல சாதனமும் மோசமான சாதனத்துக்காகக் காத்திருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, பழுதான வடிவமைப்பு வெளியே தெரியாமல் போவது. வரம்பு காப்பாற்றிவிடுவதால் வாங்கியவர் புகார் சொல்வதில்லை, தயாரித்தவர் திருத்துவதும் இல்லை.

அப்படியானால் வரம்பையே எடுத்துவிடலாமா? லினக்ஸ் அதையும் செய்து பார்த்தது. வட்டுகளுக்குப் பொதுவாக இருந்த 512 கிலோபைட் உச்சவரம்பு 2014இல் நீக்கப்பட்டது. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள் ரெய்டு அமைப்புகள் பலன் பெற்றன. ஆனால் சாட்டா வட்டுகள் முதல் வெளி ரெய்டு பெட்டிகள் வரை பலவற்றில் தொடர் வாசிப்பு, எழுத்து வேகம் குறைந்தது. ஒரு வட்டின் ஃபர்ம்வேர் பிழையால் தரவே சிதைந்தது. 2015இல் வரம்பு திரும்பியது, 1,280 கிலோபைட்டாக. பெரிய அளவு எப்போதும் வேகம் தரும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

பழுதைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வழி இதைவிட நேர்மையானது. சிலிக்கான் இமேஜ் 3112 சில்லோடு சில சீகேட் வட்டுகள் சேர்ந்தால் எழுதுவதில் சிக்கல் வந்தது. டிரைவர் அந்தச் சேர்க்கைக்கு மட்டும் 15 செக்டார் என்று வரம்பு கட்டியது. மற்றவர்கள் வேகம் இழக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியல் வளர, யாராவது முதலில் அடிபட்டிருக்க வேண்டும்.

எனவே என் தீர்ப்பு: முன்பின் தெரியாத சாதனத்துக்குத் தாழ்ந்த வரம்பே இருக்கட்டும். புதிய தரத்தைப் பின்பற்றும் சாதனத்துக்கு உயர்த்தலாம். அதிவேக யூஎஸ்பி 3 சாதனங்களுக்கு 2,048 செக்டாரை லினக்ஸ் அனுமதிப்பது அப்படித்தான். பழுதானவை பட்டியலில் ஏறட்டும், ஏன் ஏறின என்பதும் பதிவாகட்டும். வரம்பை மாற்றும் வசதி லினக்ஸில் உண்டு. மாற்றிப் பார்க்க விரும்பும் மாணவர்கள் வெற்று பென் டிரைவில் சோதியுங்கள். நகலை மூலத்தோடு ஒப்பிட்டு, பிழை கண்டால் டிரைவர் எழுதுவோருக்குத் தெரிவியுங்கள். அடுத்தவர் தரவு அதனால் பிழைக்கும்.