மீட்டுப் பார்க்காத பேக்கப்

சர்வர்களுக்கு பேக்கப் விற்க வருகிறவர்கள் இப்போது எடுத்த எடுப்பிலேயே சொல்வது 'இம்யூட்டபிள்'. ஒருமுறை எழுதிய பிரதியைக் குறித்த கெடு முடியும்வரை அட்மின்கூட அழிக்க முடியாது. ரான்சம்வேர் உள்ளே புகுந்தாலும் பிரதிக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். நிறுவனங்களும் விலைப்புள்ளி கேட்கும்போதே இதை நிபந்தனையாக எழுதத் தொடங்கிவிட்டன. அந்த வசதி இருக்கும் பெட்டியை வாங்கி வைத்தாயிற்று, இனி கவலையில்லை என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் நான் மறுக்கிறேன்.

வசதியில் குறையில்லை. தாக்குகிறவர்கள் முதலில் தேடி அழிப்பது பேக்கப்பைத்தான். அழிக்க முடியாத பிரதி அவர்களுக்கு உண்மையான தடை. மூன்று பிரதி, இரு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதியும் நல்ல விதிதான். 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கணக்கு கூகுள் கிளவுடில் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பிரதி கைகொடுத்தது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இவை அனைத்தும் பிரதியை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதைப் பற்றியவை. பத்திரமாக இருக்கும் பிரதியிலிருந்து வேலை எப்போது மறுபடி தொடங்கும் என்பது வேறு கேள்வி. தேர்வுக் குழுக்கள் தயாரிக்கும் ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு டெராபைட்டுக்கு விலை இருக்கும். எவ்வளவு சுருக்கும், எந்தெந்த கிளவுடோடு ஒத்துப்போகும் என்பவை இருக்கும். நம் சர்வரை, நம் டேட்டாபேஸை, நம் இணைய இணைப்பில் மீட்டெடுக்க எத்தனை மணி நேரம் ஆனது என்ற வரிசை இருக்காது. அதை நிரப்ப யாராவது மீட்டுப் பார்த்திருக்க வேண்டுமே!

மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் கதை இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அதை மனிதத் தவறுக்கு உதாரணமாக மட்டுமே சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிக்க நினைத்ததை முதன்மை சர்வரில் அழித்தார். உடனே சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அப்படிப்பட்ட பிழை எங்கும் நடக்கும். நடந்திருக்கக் கூடாதது அடுத்தது. தினமும் டேட்டாபேஸைப் பிரதியெடுக்க வேண்டிய கட்டளை, போஸ்ட்கிரெஸ் 9.6க்குப் பதிலாக 9.2க்கான கருவியோடு ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. பிரதி இருக்க வேண்டிய எஸ்3 கிடங்கு காலி. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் உரிய கையொப்பம் இல்லாததால் போய்ச் சேரவே இல்லை. அஷ்யூரின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் நம்பத்தக்கதாக ஒன்றும் இல்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அதையும் மெதுவான டிஸ்க்குகளிலிருந்து நகலெடுத்து முடிக்கச் சுமார் 18 மணி நேரம் ஆனது.

இதில் எந்தப் பழுதை இம்யூட்டபிள் வசதி தடுத்திருக்கும்? காலிக் கிடங்கை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கும், அவ்வளவுதான். யாராவது ஒரே ஒரு முறை அங்கிருந்து மீட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

மீட்டுப் பார்க்காத இந்தப் பழக்கத்துக்கு நம் சட்டமும் துணைபோகிறது. மின்னணு வடிவில் இருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கான கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. நல்ல திருத்தம். ஆனால் அந்தப் பிரதி திறக்குமா என்று அது கேட்கவில்லை. கேட்காததை யார் செய்வார்கள்? ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பச்சை டிக் விழுந்திருக்கும் அறிக்கையைத் தணிக்கைக்குக் காட்டினால் முடிந்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டாலே பல 'சொல்யூஷன்'களின் சாயம் வெளுத்துவிடும். 10 டெராபைட் தரவு கிளவுடில் இருக்கிறது. அலுவலக இணைப்பு 100 எம்பிபிஎஸ். முழு வேகமும் இதற்கே கிடைத்தாலும் இறக்கி முடிக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். தினமும் மாறிய பகுதி மட்டும் மேலே போவதால் பேக்கப் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கீழே வருவது மொத்தமும். நான்கு மணி நேரத்தில் மீட்போம் என்று ஒப்பந்தத்தில் ஆர்டிஓ (மீட்பு நேர இலக்கு) எழுதிக் கையெழுத்திடுகிறவர்களில் எத்தனை பேர் இந்த வகுத்தலைச் செய்திருப்பார்கள்?

தரவு வந்துவிட்டாலும் போதாது. எது முதலில் எழ வேண்டும் என்ற வரிசை உண்டு. 2017இல் நாட்பெட்யா என்ற மால்வேர் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் பல சர்வர்களின் பேக்கப் இருந்தது. யார் எதற்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலரின் பிரதி மட்டும் இல்லை. மின்தடையால் அணைந்திருந்த கானா அலுவலக சர்வரில் ஒன்று தப்பியிருந்ததால் பிழைத்தார்கள். பிரதியைத் திறக்கும் கடவுச்சொல்லை, மீட்கப்பட வேண்டிய அதே சர்வருக்குள் வைத்திருக்கும் அலுவலகங்கள் நம்மூரிலும் உண்டு. விற்பனைக் கையேடு இதைச் சொல்லாது. மீட்புப் பயிற்சி முதல் அரை மணியிலேயே சொல்லிவிடும்.

இப்போது தானியங்கிச் சோதனை வந்துவிட்டதே என்பார்கள். பேக்கப் மென்பொருளே பிரதியைத் தனி வலையில் இயக்கி, திரை எழுந்துவிட்டது என்று படம் பிடித்து அனுப்புகிறது. எழுந்தது இயந்திரம். நேற்று மாலை போட்ட கடைசி பில் உள்ளே இருக்கிறதா, சரக்கு இருப்பு பொருந்துகிறதா, லைசென்ஸ் ஏற்கிறதா என்பதைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தையும் இன்னொரு பச்சை டிக் என்றே வைத்துக்கொள்வேன்.

சிறு நிறுவனம் மீட்டுப் பார்ப்பதற்கு உதிரி சர்வருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கும் எங்கே போகும் என்பது இன்னொரு வாதம். மணிக்கணக்கில் கிளவுடில் சர்வர் வாடகைக்குக் கிடைக்கும் காலத்தில் இது சாக்கு. மீட்டுப் பார்க்கப் பணமில்லை என்றால் அந்த நிறுவனத்துக்குப் பேக்கப் வாங்கவும் பணமில்லை என்றுதான் பொருள். அப்படி வாங்கி வைப்பது மன ஆறுதலுக்காக. மன ஆறுதலுக்கு ஆண்டுச் சந்தா தேவையில்லை.

ஆகவே, அடுத்த முறை விற்பனையாளர்களை அழைக்கும்போது அவர்களுடைய டெமோவைப் பார்க்காதீர்கள். உங்கள் சர்வரின் பிரதியை அவரவர் கருவியில் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊழியரைக் கொண்டே வெற்றுச் சர்வரில் மீட்கச் செய்யுங்கள். கணக்கர் 'சரி' என்று சொல்லும்வரை ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை அட்டவணையின் முதல் வரிசையில் எழுதுங்கள். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.