காசு எண்ணும் இடத்தில் வெளிச்சம்

குன்றத்தூர் மலைக் கோயிலில் ஒரு சாயங்காலம் கரெண்ட் போய்விட்டது. ட்யூப் லைட்டில் தட்டையாகத் தெரிந்த முருகன், கற்பூரத் தட்டு மேலே போனதும் ஒரு கன்னம், வேலின் நுனி, மாலையில் நாலு பூ என்று துண்டு துண்டாக எழுந்து வந்தார். பக்கத்தில் நின்ற பெரியவர், "இப்பத்தான் சாமி தெரியுது" என்றார்.

இத்தாலிக்காரர் கரவாஜியோவுக்கு இது 400 வருஷத்துக்கு முன்பே தெரியும். ரோமில் சான் லூயிஜி தேய் பிரான்செஸி தேவாலயத்துக்காக 1599-1600ல் அவர் வரைந்தது, 'மத்தேயுவின் அழைப்பு'. மத்தேயு வரி வசூலிப்பவர். இயேசு கூப்பிட்டார், எழுந்து போனார். பைபிளில் ஒரே வசனம். (ஓவியர் 1606ல் ஒருவனைக் கொன்றுவிட்டு ரோமைவிட்டு ஓடியவர். சாமி படம் போடுகிறவர் சாதுவாக இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன!)

படத்தில் ஒரு மேஜை, அதைச் சுற்றி ஐந்து பேர். பளபள சட்டை, தொப்பியில் இறகு. சிவப்பும் மஞ்சளும் இவர்களிடம்தான் கொட்டிக் கிடக்கிறது. கூப்பிட வந்த இயேசுவும் பேதுருவும் வெறுங்காலோடு, இருட்டில். இயேசுவின் முகமும் கையும்தான் தெரிகிறது. பாக்கியைப் பேதுரு மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஜன்னல் ஒன்று இருக்கிறது. ஆனால், வெளிச்சம் அதன் வழியாக வரவில்லை; வலது பக்கம், இயேசுவின் தலைக்கு மேலிருந்து சரிந்து விழுகிறது. ஜன்னல் சட்டம் சிலுவை மாதிரி நிற்க, அதன் கீழே அவர் நீட்டிய கை. மைக்கேலாஞ்சலோவின் சிஸ்டைன் கூரையில் ஆதாமுக்கு இருக்கிற அதே கை. அதட்டாத கை.

காலண்டர் அச்சுகளில் இந்த இருட்டைப் பளிச்சென்று தூக்கிவிடுகிறார்கள். அப்புறம் அது ஆபீஸ் குரூப் போட்டோ!

சரி, இதில் மத்தேயு யார்? 'நானா?' என்று விரல் நீட்டும் தாடிக்காரர் என்பார்கள் பெரும்பாலோர். அதே சிற்றாலயத்தின் மற்ற இரண்டு படங்களிலும் மத்தேயுவுக்குத் தாடி உண்டு. நியாயமான வாதம். ஆனால் சில அறிஞர்கள், அந்த விரல் இடது ஓரத்தில் தலைகுனிந்து காசு எண்ணும் பையனைக் காட்டுகிறது, 'இவனையா?' என்கிறது என்று 1980களிலிருந்து சண்டை போடுகிறார்கள்.

பி.காம். படித்தவன் என்பதால் என் ஓட்டு பையனுக்கு. தாடிக்காரர் ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டார். அவரைக் கூப்பிட இத்தனை வெளிச்சம் எதற்கு? காசு எண்ணுகிறவனை நடுவில் கூப்பிட்டுப் பாருங்கள். "இருங்க, கணக்கு தப்பிடும்" என்பான். ஒரகடத்திலிருந்து ராத்திரி ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் இதே குனிந்த தலைகளைப் பார்க்கிறேன். இருபது வயசு, கையில் செல்போன், சம்பளத்தில் பிடித்தது போக வந்தது எவ்வளவு என்ற கணக்கு.

இன்னொரு வேடிக்கை. அந்தத் தேவாலயத்தில் இந்தப் படத்துக்கு விளக்கு எரிய, பெட்டியில் காசு போட வேண்டும் என்று பல வருஷமாக ஏற்பாடு. வரி வசூலிப்பவரைப் பார்க்கவும் வசூல்! கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். அடுத்த காசைத் தேடிப் பையைத் துழாவுகிற எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார்கள்.